முன்பே இருந்த விரிசல்

கோத்தன்பர்க், ஸ்வீடன்
14 செப்டம்பர் 2024

தபஸ்ஸும்,

இது மின்னஞ்சல்தான். ஆனாலும் கடிதம் என்றே வைத்துக்கொள். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

இரண்டு வருஷமாக நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. ஆனால் உன்னைப் பற்றிய செய்தி மட்டும் வாரம் தவறாமல் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சின்ன காஞ்சிபுரத்துக்குப் போன் போட்டால் அப்பா என் சளி இருமலைப் பற்றிக் கேட்பதில்லை. "நேத்து தபஸ்ஸும் ஒரு வெள்ளீயக் குச்சிய வளைச்சா. அது கீச்சுனு அழறதுடீ ஸுபா! நீ என்னிக்காவது எனக்கு இதச் சொல்லியிருக்கியோ?" என்கிறார். காலமெல்லாம் சம்ஸ்கிருத வாத்தியாராக இருந்த மனிதர் ஷேர் ஆட்டோ பிடித்துப் பிள்ளையார்பாளையம் வந்து உன் சனிக்கிழமைக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்காருகிறார். என் ஆய்வுக் கட்டுரை ஒன்றைக்கூட அவர் பிரித்துப் பார்த்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆய்வகத்தில் உலோகச் சோர்வுப் பிரிவின் தலைவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். நவம்பர் கடைசி வரை நேரம் இருக்கிறது. யார் பொருத்தம் என்று என்னைக் கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன்.

கோபம் தீர்ந்துவிட்டதால் சொன்னேன் என்று நினைக்காதே. ஒரே பள்ளி, பெங்களூரில் ஒரே வழிகாட்டியிடம் முனைவர் பட்டம், பிறகு இங்கே பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜை. விமான எஞ்சினின் டர்பைன் தகட்டில் விரிசல் எந்த இடத்தில் பிறக்கிறது என்று நாம் இருவரும் தேடிக்கொண்டிருந்தோம். பாதியில் நீ இரண்டு வரி எழுதி வைத்துவிட்டு ஊருக்குப் போனாய். 'நான் திரும்பி வரப்போவதில்லை. என் மாதிரித் துண்டுகள் மூன்றாவது இழுப்பறையில்.' இவ்வளவுதான். அந்த வருஷ மாநாட்டில் நான் தனியாக நின்று பேசினேன். கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் உன் பக்கத்தைப் பற்றியே கேட்டார்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வித்தை காட்டியது போதும். விண்ணப்பம் போடு.

ஸுபத்ரா

*

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள ஸுபா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கே வெட்கமாக இருந்தது. அம்மீ எட்டிப் பார்த்து, "யாரு, ஸுபத்ராவா? நல்லா வுட்டாளா?" என்று கேட்டார்.

வித்தை என்று சொன்னாயே, அது பாதி உண்மை. லோகேஸ்வரன் அண்ணன் தன் ஹார்டுவேர் கடை மாடியை எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். "சும்மாதானம்மா கெடக்குது, புள்ளைங்க வந்தா நல்லதுதானே" என்றார். 'தட்டிப் பார்' என்று பெயர் வைத்தேன். பெயர்ப்பலகை அவரே எழுதிக்கொடுத்தார். ஒரு நுண்ணோக்கி, ஒரு சின்ன உலை, பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய உடைந்த சாமான்கள், அவ்வளவுதான் சொத்து. சுற்றிலும் தறிச் சத்தம், அதனால் நான் கத்திப் பேச வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் மட்டும் வருவதில்லை. சாயப் பட்டறைக்காரர்கள், பஸ் கண்டக்டர், ரமலான் மாதத்தில் எங்கள் ஜமாஅத் பெண்கள் எல்லாரும் வருவார்கள். உன் அப்பா வந்தால் மற்றவர்களுக்குக் கேள்வி கேட்க இடம் கிடைப்பதில்லை.

நான் ஏன் வந்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காததற்கும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த வருஷம் லீவில் வந்தபோது என் தம்பி ஷோயப்பின் மகள் அம்பரீன் படிக்கும் பள்ளியில் பேசக் கூப்பிட்டார்கள். பேசினேன். முடிந்ததும் ஒரு அம்மா எழுந்து, "அதெல்லாம் சரிம்மா, நீ அங்க இன்னாதான் வேல பண்ற?" என்று கேட்டார். எனக்கு வாய் திறக்க வரவில்லை, ஸுபா. தமிழிலும் வரவில்லை, வீட்டில் பேசும் உருதுவிலும் வரவில்லை. இத்தனை வருஷம் உயிரைக் கொடுத்துச் செய்த வேலையை என் ஊர்க்காரர் ஒருவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவெல்லாம் யோசித்து, அடுத்த நாள் அந்த அம்மா வீட்டுக்கே போய், ஒரு கம்பியை வளைத்து வளைத்து ஒடித்துக் காட்டினேன். "ஓ, இதுவா! கொடத்துக் காது இப்பிடித்தான் வுட்டுப் போகும்" என்றார். அப்போது எனக்கு வந்த சந்தோஷம் எந்தக் கட்டுரை அச்சானபோதும் வந்ததில்லை.

அங்கே பிடிக்காமல் வரவில்லை. இது பிடித்துப்போய் வந்தேன்.

வேலையைப் பற்றி உடனே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த எலெக்ட்ரான் நுண்ணோக்கி கனவில் வருகிறது. கொஞ்சம் நேரம் கொடு.

தபூ

*

கோத்தன்பர்க்
29 செப்டம்பர் 2024

தபூ,

ஏன் போகிறாய் என்று அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாம். தடுத்திருப்பேன் என்று பயந்தாயா? தடுத்துத்தான் இருப்பேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

ஒன்று மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. குடத்துக் காது ஏன் விட்டுப்போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த பழைய செய்தி. தெரிந்ததைத் திரும்பச் சொல்வது நல்ல காரியம்தான். அதற்கு நல்ல வாத்தியார்கள் இருக்கிறார்கள். உடைந்த பரப்பைப் பார்த்து விரிசலின் கதையைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். அதில் ஒருத்தி மாடியில் வெள்ளீயக் குச்சியை அழவைத்துக்கொண்டிருக்கிறாள். வயிறு எரிகிறது.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கூட்டம் முடிந்து இரவில் யாருடைய சைக்கிள் பின்னாலும் ஏறி வீட்டுக்குப் போக வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். நான் சொன்னால் கேட்க மாட்டார்.

ஸுபா

*

பிள்ளையார்பாளையம்
20 அக்டோபர் 2024

ஸுபா,

உன் உதவி அவசரமாக வேண்டும். நீ உன் அப்பாவிடம் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

திருப்புட்குழி தாண்டி உள்ளே ஒரு கிராமம். அங்கே ஒரு சின்னப் பெருமாள் கோயில். உன் அப்பாவிடம் படித்த பையன்தான் அங்கே அர்ச்சகர். புரட்டாசி கடைசி சனிக்கிழமை நல்ல கூட்டம். பூஜை நேரத்தில் மணியடிக்க மின்சார மெஷின் ஒன்று இருக்கிறது, சுவிட்ச் போட்டால் சுத்தியல் தானே மணியை அடிக்கும். அன்றைக்குக் கரண்ட் இல்லை. புதுசாகக் கல்யாணம் ஆகி வந்த பெண் ஒருத்தி முன்னால் நின்றிருக்கிறாள். பெயர் குமுதவல்லி. "கயித்தப் புடிச்சு இழும்மா" என்று அர்ச்சகர் சொல்ல, அவள் இழுத்திருக்கிறாள். மணி ஓங்கி ஒலித்து, சட்டென்று ஓசை மாறி, விளிம்பில் கையகலத் துண்டு உடைந்து கீழே விழுந்துவிட்டது.

தாத்தா காலத்து மணி. அது நல்ல நாளில், புதுப்பெண் கை பட்டு உடைந்தால் ஊர் என்ன பேசும் என்று உனக்குத் தெரியும். முனுசாமி என்று ஒரு பெரியவர், "கால் வெச்ச நேரம் சரியில்ல" என்று முதலில் சொன்னாராம். மாலைக்குள் தெரு முழுக்க அதுதான் பேச்சு. அவளுடைய மாமியார் மாரியம்மாள் அவளைக் கோயில் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் கணவன் விக்ரம் ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். வாய் திறக்காத பையன். அவளைத் தாய் வீட்டில் கொண்டுபோய் விடும் பேச்சும் நடக்கிறது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் உன் அப்பாதான். மஞ்சப்பையில் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "ஆத்துக்குப் போயும் மனசு கேக்கல. நீதான் ஒடஞ்சதப் பாத்தா கதை சொல்றேன்னு சொல்வியே. இத என்னன்னு பாரும்மா" என்று மேஜைமேல் வைத்தார்.

பார்த்தேன். பிறகு கிராமத்துக்கும் போய்க் குமுதாவைச் சந்தித்தேன். வேதியியல் பட்டதாரி. "ரெண்டு தபாதான்க்கா இழுத்தேன். அதுக்குள்ள நான் இன்னா பண்ணிட முடியும்?" என்றாள். அழவில்லை. கோபமாக இருந்தாள்.

படங்களை இணைத்திருக்கிறேன். உடைந்த பரப்பில் பெரும்பகுதி கறுத்துக் கிடக்கிறது. ஓரத்தில் மட்டும்தான் புதிய பளபளப்பு. எனக்குத் தோன்றுவதைச் சொல்லமாட்டேன். நீ முதலில் பார். உடைந்த பரப்பைப் படிப்பதில் நம் இருவரில் நீதான் கெட்டிக்காரி.

தபூ

*

கோத்தன்பர்க்
22 அக்டோபர் 2024

தபூ,

முதலில் இது: அந்தத் துண்டை யாரும் கழுவக் கூடாது. புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. மாமியார் கையில் கொடுத்துவிடாதே.

ஆய்வகத்தில் எல்லாரும் போன பிறகு உன் படங்களைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். நீ நினைப்பதுதான். கறுத்த பகுதி பழைய விரிசல். உள்ளே விளக்குப் புகையும் எண்ணெயும் ஊறி, அதன்மேல் பச்சையாகக் களிம்பும் ஏறியிருக்கிறது. வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த விரிசல் அது. பளபளப்பான ஓரம் மட்டும்தான் அன்றைக்கு உடைந்தது. அந்தப் பெண் இழுக்காவிட்டாலும் அடுத்த யாராவது இழுக்கும்போது விழுந்திருக்கும்.

விரிசல் பிறந்த இடத்தையும் பார்த்தேன். ஏழாவது படம், வலது ஓரம். அங்கே ஒரு சின்னப் பொந்து. வார்க்கும்போதே காற்று அடைபட்டு உண்டானது. அதற்கு நேர் எதிரே வெளிப்பக்கம் நசுங்கின தழும்பு. மெஷின் சுத்தியல் தினமும் அதே இடத்தில் அடித்திருக்கிறது. கையால் அடித்தால் மணியின் நாக்கு இடம் மாறி மாறிப் படும். மெஷின் மாறாது. வார்ப்பிலேயே குறை இருந்தது, சுத்தியல் அதை வளர்த்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்.

இதை எழுதும்போதே உன் அடுத்த கேள்வி எனக்குத் தெரிகிறது. நேற்று அப்பாவிடம் கேட்டேன். அந்த மெஷினைத் தன் சொந்த ஊர்க் கோயிலுக்கு வாங்கிக் கொடுத்தவர் உன் லோகேஸ்வரன் அண்ணன்.

விரிசல் பழசு என்பதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று நீ யோசிப்பாய். நிறுத்தாதே. புது மணி வாங்கி அதே மெஷினை மாட்டினால் அதுவும் உடையும். அப்போது கயிற்றருகே இன்னொரு பெண் நிற்பாள்.

ஸுபா

*

பிள்ளையார்பாளையம்
10 நவம்பர் 2024

ஸுபா,

நேற்று நடந்தது. நடந்தபடியே சொல்கிறேன்.

தீபாவளி முடியட்டும் என்று காத்திருந்தேன். பொய், எனக்குப் பயம். பிறகு லோகேஸ்வரன் அண்ணன் கடைக்கே போய், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவரிடம் முதலில் தனியாகச் சொன்னேன். படத்தையும் காட்டினேன். முகம் சுண்டிவிட்டது. "இன்னாம்மா சொல்ற? எங்கப்பா பேர்ல நான் வாங்கிக் குடுத்த மிஷினு சாமி மணிய ஒடச்சிச்சா? ஊர்ல போய் இதத்தான் சொல்லப் போறியா?" என்றார். "வார்ப்பிலேயே குறை இருந்துதுண்ணா. ஆனா சொல்லித்தான் ஆகணும்" என்றேன்.  அண்ணன் மாடிச் சாவியைக் கேட்டார். நுண்ணோக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். 

உன் அப்பா கிராமத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வேன் நிறைய ஜனம் வந்து இறங்கியது. நான் தெருவிலேயே நின்று பேசலாம் என்று துண்டையும் நுண்ணோக்கியையும் தூக்கிக்கொண்டு போனேன். மாடிக்கதவு திறந்திருந்தது. பெருக்கி, பாய் விரித்து, கூடுதலாக நாற்காலியும் போட்டிருந்தார்கள். லோகேஸ்வரன் அண்ணன் கதவோரம் நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

நான் மணியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு கனமான கம்பியை எடுத்து, "ஆளுக்கொரு தடவ வளைச்சிட்டுப் பக்கத்துல குடுங்க" என்று முதல் வரிசையில் கொடுத்தேன். உன் அப்பா வளைத்தார், விக்ரம் வளைத்தான், கை மாறி மாறிப் போயிற்று. இரண்டாவது வரிசையில் முனுசாமியின் கையில் டக்கென்று ஒடிந்தது. அவர் கையில் ஒடிய வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை, சத்தியமாக.

"பெரியவரே, கம்பிய ஒடச்சிட்டீங்களே" என்றேன்.

"யாரு, நானா? எனக்கு முன்னாடி அத்தினி பேரு வளைச்சிக்கினு வந்தாங்கோ, நான் கடசியாத் தொட்டேன், அவ்ளோதானம்மா!" என்று எழுந்தே விட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கிப்போயிற்று. ஒவ்வொருவராகத் திரும்பிக் கடைசியில் உட்கார்ந்திருந்த குமுதாவைப் பார்த்தார்கள். முனுசாமியும் பார்த்தார். கையில் பாதிக் கம்பியோடு அப்படியே உட்கார்ந்தார்.

பிறகுதான் மணித்துண்டை நுண்ணோக்கியில் வைத்துத் திரையில் காட்டினேன். எது பழசு, எது புதுசு என்று சொன்னேன். மாரியம்மாள் திரையை நம்பவில்லை. "டிவில ஆயிரம் காட்டுவாங்கோ. நான் அதுலயே பாக்கணும்" என்று எழுந்து வந்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். துண்டை லேசாகத் திருப்பி மறுபடி பார்த்தார். "இது விளக்குப் புகைதான். ஒரு நாள்ல இப்பிடி ஏறாது" என்றார், யாரிடமும் இல்லாமல். அதற்கப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? மற்றப் பெண்களெல்லாம் வரிசையில் நின்றுவிட்டார்கள். எல்லாரும் தானே பார்க்க வேண்டுமாம். என் பேச்சு பாதியிலேயே நின்றது. நான் பேசியதைவிட அந்த வரிசை நீளம்.

"பழசுன்னா எப்பிடி வந்துச்சு?" என்று ஒருவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் கதவோரத்திலிருந்து லோகேஸ்வரன் அண்ணன் குரல் வந்தது.

"மிஷினு நான் வாங்கிக் குடுத்தது. வாக்கும்போதே உள்ள பொந்து இருந்துச்சாம். என் சுத்தி அதே எடத்துல அடிச்சு அடிச்சுப் பெருசாக்கிட்ச்சு. எனக்குத் தெரியாதுப்பா. ஆனா அந்தப் பொண்ணு மேல பழியப் போட்டுட்டு நான் அங்க வந்து எப்பிடிக் கும்புடறது? புது மணி என் செலவு. மிஷின நானே கழட்டிடறேன்."

உன் அப்பா, "பேஷ்!" என்று சத்தமாகச் சொன்னார். கோயிலில் யாராவது பாசுரம் நன்றாகச் சேவித்தால் சொல்வது போலவே.

மாரியம்மாள் மருமகளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "வா, வேனு கெளம்புது" என்று அவள் கையைப் பிடித்து, ஜன்னலோர இடத்தில் உட்காரவைத்துத் தான் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே நின்று பார்த்தேன்.

ஸுபா, தெரிந்ததைத் திரும்பச் சொல்வது என்று எழுதினாயே. நேற்று அந்த அறையில் யாருக்கும் அது தெரிந்ததாக இல்லை. நான் வரமாட்டேன். அந்த இடத்துக்கு என் பெயரைச் சொன்னதற்கு நன்றி. அதை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்வேன். ஆனால் நான் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறேன்.

தபூ

*

கோத்தன்பர்க்
17 நவம்பர் 2024

தபூ,

அப்பா இதே கதையை மூன்று ஞாயிற்றுக்கிழமைக்குத் தேவையான அளவு ஒரே போனில் சொல்லி முடித்துவிட்டார். அவர் சொன்னதில் அவர்தான் கதாநாயகன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகு ஒன்று புரிந்தது. உன் பெயரைச் சொன்னபோது ஆய்வகத்துக்கு நல்லது என்று நினைத்ததாகத்தான் என்னிடமே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் சண்டை போட ஆள் தேடியிருக்கிறேன். இங்கே யாரும் என் முடிவை 'தப்பு' என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. பணிவாகத் தலையாட்டுகிறார்கள். அந்த மணித்துண்டின் ஏழாவது படத்தைப் பார்த்த ராத்திரி எனக்கு எவ்வளவு நாளைக்கப்புறம் அப்படி ஒரு உற்சாகம் என்று சொல்லத் தெரியவில்லை.

விண்ணப்பத்தை நானே போட்டுவிட்டேன். தலைமை எனக்கு வராது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் வராது என்று காரணம் எழுதிப் பார்த்தால் ஒரு காரணமும் உருப்படியாக இல்லை.

ஒரு நிபந்தனை. நான் எடுக்கும் விரிசல் படங்களை மாதம் ஒருமுறை உனக்கு அனுப்புவேன். நீ 'தப்பு' என்று சொல்ல வேண்டும். பதிலுக்கு உன் கூட்டத்தில் உடைந்த சாமான் எது வந்தாலும் எனக்கு அனுப்பு. தறியின் இரும்புப் பாகமானாலும் சரி, குடத்துக் காதானாலும் சரி.

பொங்கலுக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை நான் பேசட்டுமா? பயமாக இருக்கிறது. தமிழில் பேசி வெகு நாளாயிற்று.

உன்
ஸுபா

*

பிள்ளையார்பாளையம்
3 பிப்ரவரி 2025

என் அன்புப் பிரிவுத் தலைவிக்கு,

உன் பதவிச் செய்தி வந்த அன்று அம்மீ தெரு முழுக்க ஸேமியா கொடுத்தார். நாம் இருவரும் இரண்டு வருஷம் பேசாமல் இருந்ததை அவர் மறந்தே போனார் என்பது வேறு கதை.

நீ பேசிய சனிக்கிழமையைப் பற்றி இன்னும் விசாரிக்கிறார்கள். "அந்த சுவீடன் அக்கா திரும்ப எப்ப வரும்?" என்று. நீ முதல் ஐந்து நிமிஷம் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. உன் அப்பா மட்டும் கவனித்திருக்கிறார். "நன்னாப் பேசினாள். ஆனா தபஸ்ஸும் அளவுக்கு இல்ல" என்றார். போகும் வழியில் ஆட்டோக்காரரிடம் மட்டும், "என் பொண்ணு" என்று இரண்டு தரம் சொன்னாராம். ஆட்டோக்காரர் வந்து சொன்னார்.

இன்று கோயிலில் புது மணி ஏற்றினார்கள். நானும் போயிருந்தேன், வெளிப்பிராகாரத்தில் நின்றேன். லோகேஸ்வரன் அண்ணன் கழற்றிய மெஷினை எனக்கே கொடுத்துவிட்டார். 'தட்டிப் பார்' வாசலில் மாட்டியிருக்கிறது. சுத்தியல் எப்படி ஒரே இடத்தில் அடிக்கிறது என்று பிள்ளைகள் சுவிட்ச் போட்டுப் பார்க்கிறார்கள். பக்கத்துத் தறிவீட்டார் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

புது மணியை முதலில் குமுதாதான் அடிக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்திருந்தது. முனுசாமியே முன்மொழிந்தாராம். மாலையெல்லாம் வாங்கிவைத்திருந்தார்கள். நேற்றுச் சாயங்காலம் அவளிடம் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன்.

"எனக்கு எதுக்கு மால?" என்றாள். "நான் இன்னா பண்ணேன்? அன்னிக்கும் ஒண்ணும் பண்ல, இன்னிக்கும் ஒண்ணும் பண்ல. சாமி கும்புடத்தான் போனேன். நாளைக்கு எனக்கு வேலயில மொத நாளு. மருந்து கம்பெனி லேப். ஆறரை பஸ்ஸு."

ஊர்ப் பெரியவர்கள் திகைத்துப்போய் மாரியம்மாளைப் பார்த்தார்கள். அவர், "அதான் சொல்லிட்டால்ல" என்று உள்ளே போய்விட்டார்.

அதனால் மாலை மணிக்கே போயிற்று. அர்ச்சகர்தான் கயிற்றை இழுத்தார். நல்ல நாதம், ஸுபா, நீண்டு நின்றது. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குமுதா அந்நேரம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஸ்ரீபெரும்புதூர் தாண்டியிருப்பாள்.

தபூ